மேற்கு அறைக் கண்ணாடி

"வேதா!"

யாரோ கூப்பிட்டார்கள். நல்ல உச்சி வேளை. ஏணியில் நின்றுகொண்டு, சுவரில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் பிளாஸ்டர் மாவு. திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏன்?" என்று கேட்டுவிட்டேன்.

பதில் இல்லை. வெளியே சவுக்குத் தோப்பு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

இறங்கி முற்றத்துக்கு வந்தேன். ஈ காக்காய் இல்லை. தூரத்தில் கிணற்றடியில் பச்சையம்மா தன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் நான் இருந்த அறைக்குக் கேட்காது.

"கூப்பிட்டீங்களா?" என்று கிட்டப் போய்க் கேட்டேன்.

"நானா? உம் பேரே எனக்குத் தெரியாதே கண்ணு. இன்னான்னு கூப்டுவேன்?"

அப்போதுதான் உறைத்தது. என்னோடு வந்திருந்த ராவ் சார் என்னை 'மிஸ்' என்றுதான் அழைப்பார். அவரும் அந்நேரம் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவுக்குச் சாப்பிடப் போயிருந்தார். வேதா என்று கூப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் திருவள்ளூரில், எங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்.

காப்பாற்றுகிறவர்கள்

நான் படப் பலகையும் கையுமாக ரயில் ஏறிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை ஏணி ஏறி என்னதான் செய்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கட்டடங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள தோப்பு துரவு, குளம் குட்டைகளையும் காப்பாற்றுவதற்கென்று மெட்ராஸில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு வக்கீல் வீட்டு மாடிதான் ஆபீஸ். இரண்டு மேஜை, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு விசிறி, வண்டி வண்டியாகத் தீர்மானங்கள். "நாம காப்பாத்தின கட்டடத்தைவிட குடிச்ச காபிதான் மிஸ் ஜாஸ்தி" என்று ராவ் சாரே சொல்வார். அவர்தான் செயலாளர். பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார். எனக்குப் படம் வரைகிற வேலை.

அப்பா எங்கள் ஊர்க் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு இந்த உத்தியோகம் துளியும் பிடிக்கவில்லை. "பெருமாள் கோயில் இங்கே இருக்கறச்சே, நீ பாழுஞ் சத்திரத்துக்கெல்லாம் போய் நிக்கறியேடி. அங்கே ஆரு இருக்கா உனக்கு?" என்பார். ஆரு இருந்தார்கள் என்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, கல்கத்தா போகும் பழைய சாலையை ஒட்டி அந்தச் சத்திரம் இருந்தது. வடக்கேயிருந்து யாத்திரை வருகிறவர்கள் தங்கிச் சமைத்துச் சாப்பிட, யாரோ ஒரு புண்ணியவான் கட்டியது. முன்கூடம், சமையல்கட்டு, ஒரு பின்னறை, முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு மேற்கு அறை. சுற்றிலும் சவுக்குத் தோப்பு, ஒரு அல்லிக் குட்டை.

எழுபதுகளில் அந்தப் பக்கமெல்லாம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். தோப்பு, குட்டை, சத்திரம் எல்லாம் கல்லுக்கு உள்ளே விழுந்தன. நிலம் எடுக்க வந்த இன்ஜினீயர் ஒருவர் சத்திரத்தைப் பார்த்துவிட்டு, இது விழப்போகிற கட்டடம், இடித்துத் தள்ளிவிடலாம் என்றார். விழாது என்றார் ராவ் சார். இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

விரிசல் விட்ட சுவரில், விரிசலின் இரண்டு பக்கத்தையும் பிடித்த மாதிரி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டுவார்கள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். நகராத சுவரில் கண்ணாடி அப்படியே இருக்கும். மழைக்காலம் முழுக்க இருந்து, தை மாதம் பார்க்கும்போது கண்ணாடி முழுசாக இருந்தால் சத்திரத்தையும் தோப்பையும் பேட்டையில் சேர்க்காமல் விட்டுவிடுவது என்று பேச்சு.

புரட்டாசியில் போய் ஒட்டினோம். படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வாங்கிய துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு எனாமல் பெயின்டில் நான் தேதி எழுதினேன்.

பச்சையம்மா அந்தச் சத்திரத்தின் பின்னறையில்தான் குடியிருந்தாள். புருஷன் அங்கே காவல்காரராக இருந்தவர். சத்திரத்தை நடத்தியவர்கள் போய், புருஷனும் போய், அவள் மட்டும் மிச்சம். சவுக்குச் சருகு வாரி விற்றுப் பிழைத்தாள். சத்திரம் போனால் அவளுக்குத் தெருதான்.

ராவ் சார் அவளிடம் கண்ணாடியைக் காட்டி, "இது உடையாம இருந்தா போதும்மா. உன் வீட்டை ஒருத்தனும் தொட முடியாது" என்றார்.

"நெசமாவா சார்?" என்று கேட்டு, கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல் அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு தரம், மூன்று தரம்

கிணற்றடிக்கு வருகிறேன்.

யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொன்னதும் பச்சையம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"மேற்கால ரூம்புலயா இருந்த? நீ இன்னா சொன்ன?"

"ஏன்னு கேட்டேன்."

"எத்தினி தரம் கூப்ட்டுச்சி?"

"ஒரு தரம்தான்."

"அடிப்பாவி! ஒரு தரம் கூப்ட்டா வாயத் தொறப்பியா? மன்சங்கன்னா மூணு தரம் கூப்டுவாங்க. அது ஒரு தரம்தான் கூப்டும். ஏன்னு கேட்டுட்டா கொரல எடுத்துக்கும்."

எது என்று கேட்டேன். அவள் மேற்கு அறையைப் பார்க்காமலே சொன்னாள். அவளுடைய மாமனார் காலத்துக்கும் முந்தி நடந்ததாம். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து யாத்திரை வந்த ஒரு குடும்பத்துக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. மேற்கு அறையில் போட்டுவிட்டு மற்றவர்களெல்லாம் ஓடிப்போனார்கள். ஒவ்வொருவராகப் போய், கடைசியில் ஒரு சின்னப் பெண் மட்டும் மிஞ்சியிருந்தாள்.

"தண்ணி கேட்டு ஒவ்வொர்த்தர் பேரா கூப்ட்டுக்கினே இருந்துச்சாம். தொத்திக்கும்னு ஒருத்தரும் ஏன்னு கேக்கல. உச்சிப் பொழுதுல கொரலு நின்னுடுச்சாம். எங்க மாமியாரு சொல்லும்."

அதனால்தான் தினமும் உச்சி வேளையில் அந்த அறையின் வாசற்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பாள். கை மட்டும் நீளும். படியைத் தாண்டிக் கால் வைத்ததே கிடையாது. காலையில் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது முந்தின நாள் வைத்த சொம்பை எட்டி உதைக்காமல் போனேனே, அதுவரை புண்ணியம்.

நான் சிரித்துவிட்டேன். படித்த திமிர். காற்றில் என்னவோ கேட்டிருக்கும், நம் பேர் மாதிரி தோன்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது எனக்குக் குரல் இல்லை. சுத்தமாக இல்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

"சுண்ணாம்புத் தூசியைத் தின்னுட்டு வந்தா குரல் எங்கேர்ந்து வரும்?" என்று அப்பா மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, நோய் கரைய வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லமும் கரைத்துவிட்டு வந்தார். சில நாளில் குரல் திரும்பியது. தூசிதான். எனக்குத் தெரியாதா என்ன?

அதன் பிறகு சத்திரத்துக்குப் போனாலே பச்சையம்மாவை மூன்று தரம் கூப்பிட வேண்டும். எதிரிலேயே நிற்பாள். "பச்சையம்மா!" என்றால் கல்லு மாதிரி இருப்பாள். இரண்டாவது தரத்துக்குக் கண் மட்டும் அசையும். மூன்றாவதுக்குத்தான் "இன்னா கண்ணு?" என்பாள். அந்த வெயிலில் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது.

முகம் கரைந்த சாமிகள்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை கொஞ்சம் வெறித்ததும் ராவ் சாரும் நானும் பார்க்கப் போனோம். கண்ணாடி எல்லாம் முழுசாக இருந்தது. ராவ் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டேஷன் வாசலில் எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த முன்கூடத்துக் கதவு இப்போது பாதியில் நின்றது. சுவரோரம் காரை உதிர்ந்து கிடந்தது. உள்ளே நிற்கும்போது தலைக்கு மேலே யாரோ மெள்ள நடப்பதுபோல் சத்தம் கேட்டது. மேலே ஓட்டுக் கூரையும் உத்திரமும்தான் இருந்தன.

பச்சையம்மாவின் அறையில் மாட்டியிருந்த சாமி படங்களைப் பார்த்தேன். எந்தச் சாமி படத்துக்கும் கண்ணாடி இல்லை. ஈரத்தில் சாயம் கரைந்து, முருகனுடைய கண் கன்னம்வரை வழிந்திருந்தது. லட்சுமிக்கு முகமே இல்லை.

"கண்ணாடியெல்லாம் எங்கே?"

"ஆடு முட்டி ஒடச்சிடுச்சி கண்ணு. பெரிய பேஜாரு அதுங்களோட."

சுவரில் ஆளுயரத்தில் மாட்டிய படத்தை எந்த ஆடு போய் முட்டியது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த முகங்களைப் பார்த்த பயத்தில் வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

அடுத்த தடவை நான் மட்டும் போனேன். ராவ் சாருக்குக் காய்ச்சல். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை ஆகிவிட்டது. வானம் மூடிக்கொண்டு, வெளிச்சம் சாணி மெழுகின மாதிரி இருந்தது. பச்சையம்மாவைக் காணோம். படியில் சொம்பு மட்டும் வைத்திருந்தது.

முன்கூடத்துக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். விரல் சிவப்பானது.

எனாமல் காய்ந்தால் ஆயுசுக்கும் போகாது. இது ஈரமாக, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன். குங்குமம், எண்ணெயில் குழைத்தது.

அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தேன். நான் எழுதிய தேதிதான். ஆனால் என் கை இல்லை. எழுத்துப் படிக்கத் தெரியாத ஒருத்தி, கோலம் இழுப்பதுபோல் ஒரே இழுப்பாக எண்களை இழுத்திருந்தாள். ஓரத்தில் பிளாஸ்டருக்குப் பதில் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு.

சமையல்கட்டுக்கு ஓடினேன். அதுவும் அப்படியே. பின்னறையிலும் அப்படியே. அங்கே அவள் புருஷனுடைய போட்டோ தொங்கியது. தலைப்பாகையும் மீசையுமாக இருப்பார். போன தடவை அந்த ஒரு படத்துக்குத்தான் கண்ணாடி இருந்தது. இப்போது அதிலும் இல்லை. சட்டத்துக்குள் மீசையின் மேல் ஈரம் பூத்திருந்தது.

கடைசியாக மேற்கு அறை. ஏணி வைத்து ஏறினேன். என் எனாமல், என் பிளாஸ்டர், என் கையெழுத்து. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. எல்லாரும் பயந்து நடுங்கிய அந்த ஒரு அறைதான் அசையாமல் நின்றிருந்தது.

அந்த நேரத்தில் தோப்பின் இரைச்சல் பட்டென்று நின்றது. சிவப்பு விரலை நீட்டிக்கொண்டு ஏணி மேல் நின்றேன். யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று மூச்சுக்கூட விடவில்லை.

சண்டை

சருகுக் கட்டோடு வந்தாள் பச்சையம்மா. மூன்று தரம் கூப்பிடவில்லை நான். விரலைக் காட்டினேன்.

அவள் மறைக்கவில்லை. "ஒடஞ்சிச்சி, மாத்தினேன். சார்தான சொன்னாரு, ஒடையாம இருந்தா போதும்னு?"

"ஐயோ, உடையாம வெச்சுக்கறதுக்கு இல்ல பச்சையம்மா! சுவர் நகருதான்னு பாக்கறதுக்கு. நகருது. உங்க தலைமேல வந்து விழும்."

"உழட்டும். ரோட்டுல குந்திக்கினு சாவறதுக்கு எங்க ஊட்டுலயே சாவறேன்."

"சாக வேண்டாம். மேற்கு அறை கெட்டியா இருக்கு. நான் ஒட்டின கண்ணாடி அப்படியே இருக்கு, வந்து பாருங்க. மழை விடற வரைக்கும் அங்க படுத்துக்கோங்க."

"அங்கியா? செத்தாலும் அங்க காலு வெக்க மாட்டேன்."

"அப்படின்னா செத்துத் தொலைங்க!" என்று கத்தினேன். "பச்சையம்மா, உங்களுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு!" கத்திவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் சருகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் என் விரலைத் துடைத்துவிட்டாள்.

அன்றே ராவ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அந்தம்மா மேல தப்பில்ல மிஸ். நான் சொன்னதைத்தானே செஞ்சிருக்காங்க" என்றார். பிறகு, மற்றக் கட்டடம் நிற்காது, மேற்கு அறையையும் தோப்பையுமாவது விட்டுவிடுங்கள் என்று அந்த இன்ஜினீயரிடம் தானே போய்ச் சொன்னார். சங்கத்துப் பெரிய மனிதர்களுக்கு மகா கோபம். தை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்றார்கள். "அடியில ஒரு மனுஷி தூங்கறா" என்று மட்டும் ராவ் சார் பதில் சொன்னார்.

பச்சையம்மாவை மெட்ராஸுக்குக் கூப்பிட்டார். தன் வீட்டுப் பின்கட்டில் இடம் தருவதாகச் சொன்னார். ஆடுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

கார்த்திகை

அந்தக் கார்த்திகை மழையை எங்கள் ஜில்லாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆரணி ஆறு கரை புரண்டு, பொன்னேரிக்கு அப்பால் ரயில் போகவில்லை. நான் திருவள்ளூரில் வீட்டோடு கிடந்தேன். ஒவ்வொரு இடிக்கும் எனக்கு அந்தப் பின்னறைச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வேளை, தளிகை முடிந்து கோயிலிலிருந்து வந்த அப்பா கூடத்திலிருந்து, "வேதா, என் துண்டு எங்கேடி?" என்று கேட்டார்.

கொடியில் இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. அப்பா மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் வரவில்லை. சமையலறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அடைத்த காது திறப்பதுபோல் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

"குளிர் காத்து" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுபடி ரயில் ஓட ஆரம்பித்ததும் ராவ் சாரும் நானும் ஓடினோம். சாலையிலிருந்து பார்த்தபோதே தெரிந்தது. முன்கூடம் இல்லை. சமையல்கட்டு இல்லை. பின்னறை இருந்த இடத்தில் செங்கலும் சேறும் குவிந்து கிடந்தன. ராவ் சார் அப்படியே நின்றுவிட்டார். நான் சேற்றில் இறங்கி, "பச்சையம்மா! பச்சையம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

இரண்டாவது தரத்துக்கே பதில் வந்தது. "இங்க இருக்கேன் கண்ணு."

மேற்கு அறை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. வாசற்படிக்கு உள்பக்கம், இரண்டு ஆடுகளையும் அணைத்துக்கொண்டு பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தச் சொம்பு.

அவள் மடியிலேயே விழுந்து அழுதேன். ராவ் சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. பிற்பாடு அந்த அறையையும் தோப்பில் ஒரு மூலையையும் விட்டு விலகித்தான் பேட்டையின் மதில் எழும்பியது. கடைசிவரை பச்சையம்மா அந்த அறையில்தான் இருந்தாள்.

"இதுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னீங்களே, எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி கேக்கற? நீதான கூப்ட்ட."

நான் ராவ் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம உச்சிப் பொழுது. ஊட்டுல குந்திக்கினு கஞ்சி குடிச்சிக்கினு இருந்தேன். இங்கேர்ந்து 'பச்சையம்மா'ன்னு கத்தின. அன்னிக்கி என்னிய திட்டினியே, அதே கொரலு. இந்த மழையில பொண்ணு எதுக்கு வந்துச்சோன்னு எழுந்து ஓடியாந்தேன். ஆடுங்களும் பின்னாலயே வந்துச்சிங்க. படியத் தாண்டினேன், அல்லாம் உழுந்துச்சி."

"நான் எத்தனை தரம் கூப்பிட்டேன்?"

பச்சையம்மா ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தரம்தான்" என்றாள்.

நான் அன்றைக்குத் திருவள்ளூரில் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேணாம் கண்ணு. சொல்லாத. நீதான்னே இருக்கட்டும்."